‘வேலை இல்லை’, ‘ஆள் நிற்பதில்லை’: ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளை விட்டு இளைஞர்கள் ஏன் சீக்கிரம் விலகுகிறார்கள்?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இன்று இரண்டு புகார்கள் சேர்ந்தே கேட்கின்றன. வீடுகளில், “படிச்சு முடிச்சும் வேலை கிடைக்கல” என்கிறார்கள். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி, குருபரப்பள்ளி பக்கம் தொழிற்சாலைகளில் கேட்டால், “ஆள் எடுத்தா நிக்கிறதே இல்ல, மூணு மாசத்துல போயிடறாங்க” என்கிறார்கள். இரண்டுமே உண்மைதான். ஒரே ஊரில், ஒரே நேரத்தில் இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பில்லை, கஷ்டம் தெரியாமல் வளர்ந்தவர்கள், போனைக் கீழே வைக்க மாட்டார்கள். இந்தப் பதிலில் சிக்கல் என்னவென்றால், இதை ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இளைஞர்களின் குணம் கொஞ்சம் மாறியிருக்கலாம். அவர்களுக்குக் கொடுக்கப்படும் வேலை அதைவிடப் பல மடங்கு மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால்தான் அவர்களை வைத்து வேலை வாங்க முடியும். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

‘ஜென் ஸீ’ என்று யாரைச் சொல்கிறார்கள்?

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் போட்ட கணக்கின்படி, 1981 முதல் 1996 வரை பிறந்தவர்கள் மில்லென்னியல்கள். 1997 முதல் 2012 வரை பிறந்தவர்கள் ஜென் ஸீ. இந்தக் கோடுகள் அமெரிக்க நிகழ்வுகளை வைத்துப் போடப்பட்டவை. பாலக்கோட்டில் தக்காளித் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்த ஒரு பெண்ணையும் நியூயார்க்கில் வளர்ந்த ஒருவரையும் பிறந்த ஆண்டை மட்டும் வைத்து ஒரே பட்டியலில் சேர்க்க முடியாது.

அங்கேயே இந்தப் பிரிவினை கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. ஊழியர்களை நிர்வகிப்பதற்குத் தலைமுறைப் பெயர்களை அடிப்படையாகக் கொள்ள ஆய்வு ஆதாரம் போதாது என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் அமைத்த குழு 2020-ல் சொன்னது. பியூ மையமும் இந்தப் பெயர்களை இனி மிகவும் கவனமாகத்தான் பயன்படுத்தப்போவதாக 2023-ல் அறிவித்தது. ஆனால் நம் ஊர் மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் ‘ஜென் ஸீயைக் கையாள்வது எப்படி’ என்பது இன்னும் விற்கிறது.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. அதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. வயதால் வருவது. இருபது வயதில் யாருக்குமே வேலையில் நிலைகொள்ள நேரம் எடுக்கும். கல்யாணம், குழந்தை, கடன் என்று வந்த பிறகுதான் ஒரே இடத்தில் இருக்கத் தோன்றும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இருபது வயதில் இருந்தவர்களும் இப்படித்தான் இருந்தார்கள்.

2. காலத்தால் வருவது. இது எல்லா வயதினரையும் தொடும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு போன் எல்லோர் கையிலும் வந்தது. இடைவேளையில் ஐம்பது வயது சூப்பர்வைசரும்தான் ரீல்ஸ் பார்க்கிறார். இதை இளைஞர்களின் கெட்ட பழக்கம் என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

3. குறிப்பிட்ட ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு மட்டும் நேர்ந்தது. கொரோனா இதற்குச் சரியான உதாரணம். தமிழ்நாட்டில் 2020-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டார்கள். 2021-ல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. அந்த ஆண்டுகளில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்தவர்கள் பட்டறை வகுப்பை மாதக்கணக்கில் போன் திரையில் பார்த்தவர்கள்.

ஒரு குறையைக் கண்டால் அது இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது. பதிலைப் பொறுத்துத் தீர்வும் மாறும். வெர்னியர் காலிப்பர் என்ற அளவுக் கருவியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத ட்ரெய்னி பெரும்பாலும் மூன்றாவது வகை. அவரைத் திட்டிப் பயனில்லை, இரண்டு நாள் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும்.

அப்பா காலத்து வேலையும் இப்போதைய வேலையும்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது 1970-களில். 1980-களில் டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகள் இயங்கத் தொடங்கிய பிறகு ஊரின் நிறமே மாறியது. அப்போது பெரிய கம்பெனியில் உள்ளே போனவர்களுக்கு ஒரு பாதை கண்ணுக்குத் தெரிந்தது. முதலில் ட்ரெய்னி, சில ஆண்டுகளில் பெர்மனென்ட், பிறகு யூனியன், அவ்வப்போது ஊதிய ஒப்பந்தம், கடைசியில் ஊரில் ஒரு வீட்டு மனை. சூப்பர்வைசர் திட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள் என்றால், நின்றவர்களுக்குப் பலன் கிடைத்தது என்பதுதான் காரணம். பொறுமைக்கு ஒரு விலை இருந்தது, கம்பெனி அதைக் கொடுத்தது.

இன்று ஒரே லைனில், அதாவது உற்பத்தி வரிசையில், ஒரே சீருடையில், பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே வகை ஊழியர்கள் இல்லை. நான்கு வகை இருக்கிறது.

1. கம்பெனி ரோல்: நேரடி நிரந்தர ஊழியர். இந்த எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வருகிறது.

2. குறிப்பிட்ட காலப் பணியாளர்: எஃப்.டி.இ. என்பார்கள். கம்பெனியே நேரடியாக எடுக்கும், ஆனால் ஒப்பந்தத்தில் முடியும் தேதி எழுதியிருக்கும்.

3. கான்ட்ராக்ட்: வேலை இந்தக் கம்பெனியில், சம்பளம் ஒப்பந்ததாரரிடம். ஒப்பந்ததாரர் மாறினால் பெயர் வேறு பட்டியலுக்குப் போகும்.

4. அப்ரெண்டிஸ்: 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி பயிற்சி பெறுபவர். சட்டத்தின் பார்வையில் இவர் தொழிலாளி இல்லை, பயிற்சியாளர். உதவித்தொகை உண்டு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிடையாது.

முதல் வகைக்கு எழுதப்பட்ட விசுவாசத்தை மற்ற மூன்று வகையினரிடம் எதிர்பார்ப்பதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. மூன்று வருடம் லீவு போடாமல் வந்தாலும் பெர்மனென்ட் ஆக மாட்டோம் என்பது கான்ட்ராக்டில் இருக்கும் பையனுக்கு முதல் வாரமே கேன்டீனில் தெரிந்துவிடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ மாதம் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அவன் போவது இயல்பு. பெங்களூரு இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். டெலிவரி வேலை, கிடங்கு வேலை எல்லாம் ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன.

வீட்டு நிலைமையும் வேறு. பெங்களூரு கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போய் சிமெண்ட் சுமந்த பெற்றோரின் பிள்ளைகள் இவர்களில் பலர். தான் பட்ட பாடு பிள்ளை படக்கூடாது என்றுதான் படிக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8 என்கிறது 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. ஒருவன் சம்பளத்தை நம்பி நான்கு தங்கைகள் காத்திருந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. “பிடிக்கலைன்னா வந்துடு” என்று சொல்லும் வீடு இன்று இருக்கிறது. அது நல்ல விஷயம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் பசியை நம்பி ஆள் நடத்திப் பழகிய சூப்பர்வைசருக்கு அது புதிது.

பெண்களுக்கு இது இன்னும் பெரிய மாற்றம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. சின்ன வயதிலேயே கல்யாணம் முடித்துவைக்கும் வழக்கத்தோடு இன்னும் போராடிக்கொண்டிருக்கும் இந்த மாவட்டங்களில், டிகிரி முடித்துவிட்டு எலெக்ட்ரானிக்ஸ் லைனில் வந்து நிற்கும் பெண் தன் வீட்டில் சம்பளச் சீட்டு வாங்கும் முதல் பெண்ணாக இருக்கலாம். அவளுக்கு இந்த வேலை சம்பளத்தோடு நின்றுவிடுவதில்லை. சீக்கிரம் கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொல்வதற்கு அவளுக்குக் கிடைத்த காரணமும் இதுதான்.

முதல் சம்பள நாளில் என்ன நடக்கிறது?

பலர் விலகுவது முதல் சம்பளம் வந்த வாரத்தில். ஏன் என்று பார்க்க ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, விகிதங்கள் நடைமுறையில் உள்ளவை.

வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர் ஊரில் சொன்னது: “மாசம் 17,700 வரும்.” கம்பெனி அந்த ஆளுக்காகச் செய்யும் மொத்தச் செலவு அது, சி.டி.சி. என்பார்கள். அதற்குள் என்னென்ன இருக்கிறது?

1. மொத்தச் சம்பளம் 16,000. இதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 10,000 என்று வைத்துக்கொள்வோம்.

2. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,200. ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், அதாவது 520. இந்த 1,720 ரூபாய் தொழிலாளி கைக்கு வராது. 16,000-த்தோடு இதைச் சேர்த்தால்தான் 17,720.

3. தொழிலாளியின் பங்காகப் பிடிப்பது: பி.எஃப். 1,200, ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், அதாவது 120.

4. கேன்டீன், பஸ்ஸுக்கு 500.

கையில் வருவது 14,180. சொன்னதற்கும் வந்ததற்கும் 3,520 ரூபாய் வித்தியாசம். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இது ஏமாற்றமாகத்தான் தெரியும். ஊரில் அப்பாவிடம் 17,700 என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

பி.எஃப். பணம் தன் பெயரில்தான் சேர்கிறது, கம்பெனி பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது, ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அம்மா அப்பாவுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வைத்தியம் பார்க்கலாம் என்பதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். சேர்ந்த முதல் நாளிலேயே ஒரு வெற்றுச் சம்பளச் சீட்டை வைத்து, தமிழில், இருபது நிமிடம் விளக்கலாம். இதற்குச் செலவே இல்லை. இதைச் செய்யாத ஹெச்.ஆர். துறைதான் பிறகு ‘இளைஞர்களின் ஈடுபாடு’ பற்றிக் கூட்டம் போடுகிறது.

புதிய தொழிலாளர் சட்டங்கள் மாற்றுவது என்ன?

பழைய 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மாற்றிய தொழிலாளர் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. இளம் ஊழியர்களை நேரடியாகத் தொடுபவை சில மட்டும்.

1. பணி நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம். வாய்வார்த்தையில் சேர்க்கும் வழக்கத்துக்கு இடமில்லை.

2. குறிப்பிட்ட காலப் பணியாளருக்கு, அதே வேலை செய்யும் நிரந்தர ஊழியருக்கு உள்ள சம்பளமும் சலுகைகளும் உண்டு. ஐந்து ஆண்டு காத்திருக்காமல் ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கிடைக்கும்.

3. ராஜினாமா செய்தாலும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

4. ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, இரு மடங்கு சம்பளம், அதுவும் தொழிலாளியின் சம்மதத்தோடு.

5. சட்டம் சொல்லும் ‘சம்பளம்’ மொத்த ஊதியத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. அடிப்படையைக் குறைத்து, படிகளைக் கூட்டிக் காட்டும் பழக்கத்தை இது தடுக்கும்.

மூன்றாவது அம்சத்தைக் கவனியுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுகிறார்கள், அதாவது ‘அப்ஸ்காண்ட்’ ஆகிறார்கள் என்று கம்பெனிகள் குறைப்படுகின்றன. முறையாக எழுதிக் கொடுத்தாலும் கடைசிச் சம்பளத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும் என்று தெரிந்தால் யார்தான் எழுதிக் கொடுப்பார்கள்? சம்பளம் வந்த மறுநாள் மூட்டையைக் கட்டுவதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. இரண்டு நாளில் கணக்கை முடித்துக் கொடுக்கும் கம்பெனியில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் தானாக வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை

சட்டமும் சம்பளமும் ஒருபுறம் இருக்க, தினமும் முகத்துக்கு நேரே நிற்பவர் லைன் லீடரும் சூப்பர்வைசரும்தான். வழக்கமாக நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாசி மாதம். சிவராத்திரி முடிந்து காவேரிப்பட்டணம் பக்கம் மயானக் கொள்ளைத் திருவிழா. ஏ ஷிப்டுக்கு வரவேண்டிய பையன் திங்கட்கிழமை வரவில்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். லைனில் ஒரு இடம் காலி, மணிக்கணக்கு டார்கெட் விழுகிறது, மேலே இருந்து சூப்பர்வைசருக்குத் திட்டு. செவ்வாய்க்கிழமை காலை பையன் வந்து நிற்கிறான்.

“ஏன்டா நேத்து வரல?”

“ஊர்ல திருவிழாங்க சார்.”

“திருவிழான்னா சொல்ல மாட்டியா? இது என்ன உங்க அப்பன் வீட்டுக் கம்பெனியா?”

முப்பது பேர் பார்க்கிறார்கள். அதில் பாதி பேர் பெண்கள். அவன் அன்று மதியம் வரை வேலை செய்வான், அடுத்த வாரம் இருக்க மாட்டான். அவன் செய்தது தப்புதான், அவன் இல்லாததால் பக்கத்தில் இருந்தவள் இரண்டு பேர் வேலையைச் செய்தாள். ஆனால் அந்தத் தப்பு பேசப்படவே இல்லை. பேசப்பட்டது அவன் அப்பா.

இதே சூப்பர்வைசர் அவனைத் தனியே கூப்பிட்டு, “தம்பி, நீங்க வராததால அந்தப் பொண்ணு ரெண்டு ஸ்டேஷன் பார்த்துச்சு. திருவிழாவுக்கு லீவு கேட்டா கொடுத்திருப்பேன். சொல்லாம போனா ஒரு நாள் சம்பளம் போகும், மூணாவது தடவை எழுத்துல போகும்” என்று சொல்லியிருந்தால்? கண்டிப்பு ஒரு இம்மி குறையவில்லை. கண்டிப்பும் அவமானமும் வேறு வேறு என்பது பலருக்கு இன்னும் பிடிபடவில்லை.

சூப்பர்வைசர் மீது மட்டும் பழி போடுவதும் சரியில்லை. அவர் நல்ல ஆபரேட்டராக இருந்ததால் மேலே வந்தவர். ஆளை நடத்த அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவரை நடத்தியவர்கள் எப்படிப் பேசினார்களோ அப்படித்தான் அவரும் பேசுகிறார். இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு முன் இவருக்குத்தான் பயிற்சி வேண்டும்.

தளத்தில் உடனே மாற்றக்கூடியவை

1. ‘ஏன்’ என்பதைச் சொல்லுங்கள். கையுறை போடச் சொல்லும்போது, விரல் ரேகையின் ஈரம் பட்டால் அந்தப் பாகம் என்ன ஆகும் என்று காட்டினால் போதும். கேள்வி கேட்பதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் எதையும் தேடிப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காரணம் தெரியாமல் ஒரு வேலையைச் செய்வது கடினம்.

2. ஷிப்ட் பட்டியலை ஒரு மாதம் முன்பே ஒட்டுங்கள். மயானக் கொள்ளை, எருது விடும் விழா, ஆடிப்பெருக்கு, மாங்காய் சீசன் எல்லாம் எப்போது வரும் என்பது ஊருக்கே தெரியும். அந்த நாட்களில் யாருக்கு லீவு என்பதைக் குலுக்கல் முறையில் முன்பே முடிவுசெய்தால் திங்கட்கிழமைப் பஞ்சாயத்து பெரும்பாலும் இருக்காது.

3. போனை லாக்கரில் வைக்கச் சொல்வது நியாயம். ஓடும் இயந்திரத்தின் அருகே கவனம் சிதறினால் விரல் போகும். அதேசமயம் வீட்டிலிருந்து அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண்ணைக் கொடுத்து, அழைப்பு வந்தால் ஐந்து நிமிடத்தில் ஆளுக்குச் செய்தி போகும்படி செய்யுங்கள். ஹாஸ்டலில் இருக்கும் பெண்களின் பெற்றோருக்கு இந்த எண் பெரிய தைரியம்.

4. பெண்கள் இருக்கும் லைனில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு நிற்க வைக்காதீர்கள். மாற்று ஆள் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் சுவரில் தமிழில் இருக்கட்டும். ஓசூர் பக்கம் என்றால் தெலுங்கு, கன்னடத்திலும்.

5. அடுத்த படி என்ன என்பதைக் காட்டுங்கள். பெர்மனென்ட் ஆக்க முடியாவிட்டால் அதை மறைக்க வேண்டாம். இத்தனை மாதத்தில் இந்த இயந்திரம், அதில் தேறினால் இவ்வளவு கூடுதல், ஒரு சான்றிதழ் என்று சொன்னால் அதுவரையாவது இருப்பார்கள். ‘கம்பெனி ஒரு குடும்பம்’ என்று மேடையில் பேசிவிட்டு, ஆர்டர் குறைந்ததும் கான்ட்ராக்ட் ஆட்களை முதலில் அனுப்புவதை இவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு. பாதுகாப்பு விதி, தரம், நேரம் மூன்றிலும் வயதைப் பார்த்துச் சலுகை காட்டினால் அந்தச் சுமை கூட வேலை செய்யும் இன்னொரு இளைஞர் தலையில்தான் விழும். நல்ல ஆட்கள் முதலில் விலகுவது அப்படிப்பட்ட இடங்களில்தான்.

உங்கள் ஆலையில் காரணம் எது?

இதைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து ஆலோசகரைக் கூப்பிட வேண்டியதில்லை. கடந்த ஓராண்டில் விலகியவர்களின் பட்டியல் வருகையைப் பதிவு செய்யும் நேர அலுவலகத்தில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு விஷயங்களை எழுதுங்கள்: சேர்ந்து எத்தனையாவது நாளில் போனார், அதற்கு முந்தைய வாரம் எந்த ஷிப்ட், எந்த சூப்பர்வைசர், எந்த ஒப்பந்ததாரர்.

முதல் சம்பளத்தை ஒட்டி விலகல் குவிந்தால், ஆள் எடுக்கும்போது சொல்லும் தொகையைத் திருத்த வேண்டும். முதல் இரவு ஷிப்டுக்குப் பிறகு குவிந்தால் சி ஷிப்ட் பஸ், சாப்பாடு, ஹாஸ்டலில் பகல் தூக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது தகரக் கூரைக்குக் கீழே யாரும் தூங்க முடியாது. ஒரே ஒப்பந்ததாரரிடம் குவிந்தால் அவர் பிடிக்கும் கமிஷனை விசாரியுங்கள். ஒரே சூப்பர்வைசரிடம் குவிந்தால் பேச வேண்டியது அவரிடம். எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருந்தால், பக்கத்து ஆலைகள் என்ன சம்பளம் கொடுக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்.